படத்துக்கு முன்பே பிறந்த பாட்டு

மாணவர்களே, 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படம் பார்த்திருப்பீர்கள். இடி இடிக்கும் இரவில் பயந்து ஓடிவரும் பிள்ளைகளை மரியா ஒரு பாட்டுப் பாடித் தேற்றுவாள். 'மை ஃபேவரிட் திங்ஸ்' என்ற அந்தப் பாட்டு ஜாஸ் இசையில் ஒரு 'ஸ்டாண்டர்ட்'. அதாவது, ஜாஸ் கலைஞர்கள் பலரும் மனப்பாடமாக அறிந்து, ஒவ்வொருவரும் தம் கற்பனைக்கு ஏற்ப விரித்து வாசிக்கும் மெட்டு.

வகுப்பில் இதைச் சொன்னதும், "படத்துல வந்த பாட்டைத்தானே டீச்சர் ஜாஸ்காரங்க எடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்பார்கள். இல்லை! ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1959 நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் இது இசை நாடகமாக அரங்கேறியது. இசை ரிச்சர்ட் ராட்ஜர்ஸ். பாடல் வரிகள் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன். மேடையில் இந்தப் பாட்டுக்கும் இடி மழைக்கும் சம்பந்தமே இல்லை. கன்னியர் மடத்தில் மரியாவும் மடத்துத் தலைவியும் சேர்ந்து பாடினார்கள்.

1960 ஆகஸ்டில் ஹேமர்ஸ்டைன் காலமானார். இரண்டே மாதத்தில், அக்டோபர் 21-ஆம் தேதி, சாக்சஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் இந்த மெட்டைப் பதிவு செய்தார். அந்த வரிகளை எழுதியவருக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

கோல்ட்ரேன் என்ன செய்தார்? பாட்டின் வரிகளை விட்டுவிட்டார். அன்றைய ஜாஸில் அதிகம் புழங்காத சோப்ரானோ சாக்சஃபோனைக் கையில் எடுத்தார். மெட்டை வாசித்துவிட்டு, நடுவில் நீண்ட நேரம் இரண்டே சுரக்கூட்டுகளின் மேல் நின்று கற்பனையாக வாசித்தார். பியானோவில் மெக்காய் டைனர். சின்னப் பாட்டு பதினான்கு நிமிடம்வரை நீண்டது. 1961-இல் இசைத்தட்டு வெளிவந்தது. பாட்டின் பெயர்தான் தட்டுக்கும் பெயர்.

ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த படம் வந்தது 1965-இல்! பாட்டு இடி மழைக் காட்சிக்கு மாறியது அப்போதுதான். நமக்கு முதலில் தெரிந்தது படம். ஆனால், நாம் முதலில் அறிந்தது எல்லாம் முதலில் நடந்ததாக ஆகிவிடாது, இல்லையா?

கோல்ட்ரேன் இந்த மெட்டைக் கடைசிவரை விடவில்லை. 1967 ஏப்ரலில், இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, நியூயார்க்கில் அரைமணி நேரத்துக்கும் மேல் வாசித்தார். அதே மெட்டுதான், ஆனால் 1960-இல் வாசித்தது போலவே இல்லை. ஒரு பாட்டு ஸ்டாண்டர்ட் ஆவது இப்படித்தான். படைத்தவர் ஒருமுறை எழுதுகிறார். வாசிப்பவர்கள் திரும்பத் திரும்பப் புதிதாக்குகிறார்கள்.

தேர்வில் 'காரணம்', 'விளைவு' என்று எழுதத் தொடங்குமுன், ஓரத்தில் ஆண்டுகளை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள்: 1959, 1960, 1961, 1965. வரிசை பிசகினால், 1965-இல் வந்த படம் 1960-இல் செய்த பதிவுக்குக் காரணமாகிவிடும். அப்புறம் கட்டுரை எவ்வளவு அழகாக இருந்தாலும், அது வரலாறு ஆகாது.