விசிறி இல்லாத கனசதுரம்

போன மே மாதம் ஒரு ராத்திரி, பழைய கெசட்டியர் ஸ்கேன்களை ஓசிஆரில் ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறது. சின்னதாக இருக்கட்டும் என்று நானே பார்த்துப் பார்த்துப் பூட்டிய ஏழு லிட்டர் பெட்டி. (சின்னப் பெட்டி கட்டுகிறவர்கள் அளவை லிட்டரில்தான் சொல்வார்கள், குடம் மாதிரி!) பெட்டியின் தலையில் இருந்த காற்றுத் துளைகள் மேல் ஒரு ஜெராக்ஸ் கட்டை வைத்திருந்தேன். சூடு தாங்காமல் தானே அணைந்திருக்கிறது.

அப்போதுதான் ஜி4 க்யூப் ஞாபகம் வந்தது.

2000 ஜூலையில், நியூயார்க் மேக்வேர்ல்டில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய கம்ப்யூட்டர் அது. சுமார் எட்டு அங்குலக் கனசதுரம், கண்ணாடி போன்ற அக்ரிலிக் கூட்டுக்குள் மிதப்பது போல இருக்கும். உள்ளே விசிறியே கிடையாது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறிச் சத்தம் ஆகாது. 1980ல் வந்த ஆப்பிள் 3லும் விசிறி இல்லை, அது பட்ட பாடு தனிக்கதை. க்யூபில் அடியிலிருந்து காற்று ஏறி, நடுவில் உள்ள ஹீட் சிங்கைத் தொட்டு, மேலே வெளியேறும். புகைபோக்கி வேலை செய்யும் அதே விதம்தான். ஆனால் செங்கல் சூளைக்காரர் ஏன் புகைபோக்கியை அவ்வளவு உயரமாகக் கட்டுகிறார்? உயரம்தான் இழுப்பு. எட்டு அங்குலத்தில் என்ன இழுப்பு கிடைத்துவிடும்? அதுவும் வாய் இருப்பது மேஜைமேல், கைக்கெட்டும் உயரத்தில், தட்டையாக. பேப்பர் வைக்கச் சொல்லி அழைக்கிற இடம். நான் வைத்ததும் அங்கேதானே!

இடம் போதாததற்கு ஆப்பிள் செய்தது, சாமான்களை வெளியே தள்ளியது. பவர் சப்ளை ஒரு கனமான செங்கல்லாக மேஜைக்கு அடியில் போனது. ஆடியோ ஜாக் இல்லை, ஸ்பீக்கரை யூஎஸ்பியில் மாட்டணும். சூட்டை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை.

விலை 1799 டாலர். அதே சமயம் விரிவாக்க ஸ்லாட்டுகளோடு ஜி4 டவர் 1599க்கே கிடைத்தது. அக்ரிலிக்கில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன, விரிசல் என்று வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். வார்ப்புக் கோடுகள் என்றது ஆப்பிள். விற்பனை படுத்தது. வருமானம் குறையும் என்று அந்த செப்டம்பரில் ஆப்பிள் எச்சரித்தபோது சொன்ன காரணங்களில் க்யூபும் ஒன்று. 29ஆம் தேதி ஒரே நாளில் பங்கு விலை பாதிக்கும் கீழே போனது. 2001 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மட்டும் அதற்கு இடம் கிடைத்தது.

விலைதான் கொன்றது என்பார்கள் பலர். பாதி நிஜம். என் கணக்கில், வளர இடமில்லாததும் ஒரு காரணம். அடுத்த வேகமான சிப் இன்னும் சூடாகத்தானே வரும்?

வேடிக்கை என்னவென்றால், அதே 2001ல்தான் தைவானின் வியா நிறுவனம் மினி-ஐடிஎக்ஸ் அளவைக் கொண்டுவந்தது. 17க்கு 17 சென்டிமீட்டர் போர்டு. அவர்கள் மனதில் இருந்தது மின்சாரம் அதிகம் குடிக்காத, குளிர்ச்சியான சிப்புகள். இன்று அதே 17 சென்டிமீட்டரில் 450 வாட் கிராபிக்ஸ் கார்டைச் சொருகுகிறோம். அயர்ன் பாக்ஸில் பாதி!

க்யூப் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கழற்றிப் பார்த்தவர்கள், அடியில் 80 மில்லிமீட்டர் விசிறி மாட்டுவதற்கு இடம் விட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வடிவமைத்த எஞ்சினியர்களில் யாரோ ஒருவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். ஒரு ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் சிப் மாற்றியவர்கள் அந்த இடத்தில் விசிறி வைத்து, வருஷக்கணக்கில் ஓட்டினார்கள்.

நானும் ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். ராத்திரி லேசாக ரீங்காரம் கேட்கிறது. ஜெராக்ஸ் கட்டு இப்போது பீரோ மேலே. கெசட்டியர் 212ஆம் பக்கத்திலிருந்து மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது.