காவிரி எல்லையான வரலாறு: 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் பூந்துறை நாடும்

கார்மேகக் கவிஞர் இயற்றிய கொங்குமண்டல சதகம் கொங்கின் எல்லைகளாக வடக்கே பெரும்பாலையையும் தெற்கே பழனியையும் மேற்கே வெள்ளிமலையையும் குறிக்கின்றது. காவிரியோ நாட்டின் ஊடே ஓடுவது. கொங்கை இருபத்துநான்கு நாடுகளாகப் பகுத்த பழைய முறையிலும் பூந்துறை நாடு ஆற்றின் இருமருங்கும் பரவியிருந்தது. ஈரோடு அடங்கிய பகுதி மேல்கரைப் பூந்துறை நாடு. திருச்செங்கோடு அடங்கியது கீழ்க்கரைப் பூந்துறை நாடு. கரை வேறாயினும் பெயர் ஒன்றே. அவ்வாறு இடையோடிய ஆறு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு அரசுகளின் எல்லையானது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஐதர் அலிக்கும் ஆங்கிலக் கும்பினிக்கும் நிகழ்ந்த முதற் போரில், 1768-இல் ஈரோடு கும்பினியார் கைப்பட்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே ஐதரிடம் மீண்டது. 1783-இல் புல்லர்ட்டன் கோயம்புத்தூரைக் கைப்பற்றினார். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கை அதனைத் திப்புவிடமே திருப்பியளித்தது. 1790-இல் மெடோசு மீண்டும் படையுடன் வந்தார். ஐதர் காலத்தில் ஏறத்தாழ 3,000 வீடுகள் கொண்டிருந்த ஈரோட்டில், 1800-இல் புக்கானன் கண்டவை 400 வீடுகளே. திப்புவின் ஆட்சியிலேயே குன்றிவிட்ட ஊர், மெடோசின் படையெடுப்பின்போது முற்றும் அழிந்ததென்று அவர் எழுதுகின்றார்.

1792 மார்ச்சு 18-இல் சீரங்கப்பட்டணத்தில் முடிவான உடன்படிக்கைப்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார்; 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டம் தர இசைந்தார்; மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பினார். பாதி என்பது நிலத்தை அளந்து கண்ட பாதியன்று. வரிக்கணக்கைக் கூட்டிக் கண்ட பாதி. சேலம், சங்ககிரி, நாமக்கல், பரமத்தி, ஆத்தூர் முதலிய தாலுகாக்கள் கும்பினியின் பங்கில் விழுந்தன. (இவ்வூர்ப்பெயர்கள் ஆங்கிலப் படியில் திரிந்து கிடக்கும் கோலம், ஊரறிந்தார்க்கன்றிப் பிறர்க்கு விளங்காது.) அவற்றுள் காவிரிக்கு வடக்கும் கிழக்கும் உள்ளவை கும்பினிக்கு உரியன, மேற்கும் தெற்கும் உள்ள ஊர்கள் எவையேனும் இருப்பின், அவை திப்புவுக்கு விடப்பட்டு, ஈடாக ஒத்த வருவாயுள்ள வேறு ஊர்கள் கொள்ளப்பட வேண்டும் என்பது ஒரு விதி. ஆற்றை எல்லையாக்கியது இவ்விதியே என்பது எம் கருத்து. வருவாய் ஒத்திருந்தால் ஓர் ஊருக்கு மற்றோர் ஊர் ஈடாகும் என்னும் கணக்கில், ஊராரின் கோயில் உரிமைக்கும் நாட்டு முறைக்கும் இடமில்லை.

இவ்வுடன்படிக்கையை முடித்த காரன்வாலிசு, 1781-இல் அமெரிக்காவின் யார்க்கு டவுனில் வாசிங்டனிடம் சரணடைந்தவர். அதே வாசிங்டனின் அரசு 1790 ஆகசுட்டு 7-இல் நியூயார்க்கில் கிரீக்கு மக்களோடு உடன்படிக்கை செய்து, ஒக்கோனி ஆற்றையொட்டி எல்லை வகுத்தது. அங்கு மெக்கில்லிவரேயும் பிற தலைவர்களும் தாமே அமர்ந்து பேசித் தம் குறியிட்டனர். அக்குறியும் அவர்களை நெடிது காக்கவில்லை. 1814-இல் அவர்கள் 2 கோடி ஏக்கருக்கு மேல் இழந்தனர். எனினும், நிலத்துக்குரியார் ஒரு தரப்பாக எண்ணப்பெற்றனர் என்பது அவ்வேட்டிலேயே உளது. சீரங்கப்பட்டணத்திலோ திப்புவும் கும்பினியும் நிசாமும் மராட்டியருமே தரப்பினர். கொங்கு நாட்டாரும் பட்டக்காரரும் ஒரு தரப்பாகக் கருதப்பெறவில்லை.

ஏழாண்டுகள் மேல்கரைப் பூந்துறை திப்புவுக்கும், கீழ்க்கரைப் பூந்துறை கும்பினிக்கும் இறை செலுத்தின. கீழ்க்கரையில் ரீடும் அவர்கீழ் மன்றோவும் நிலவரித் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தனர். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் இருகரையும் ஓராட்சிக்கு உட்பட்டன. ஆயினும் கோடு அழியவில்லை. கீழ்க்கரை சேலம் மாவட்டத்திலும் மேல்கரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும் நின்றன. 1979-இல் ஈரோடும் 1997-இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களானபோதும் ஆறே எல்லையாயிற்று. ஈரோட்டிலிருந்து பள்ளிபாளையத்துக்குப் பாலம் கடப்பவர் இன்றும் மாவட்டம் மாறியே செல்கின்றார்.