பொதுப் பட்டமும் பாடவரிசையும்: தெரிவுச் சுதந்திரம் எங்கே இருக்கிறது?

1. சிக்கல்

பொருளியல் பட்டமோ வரலாற்றுப் பட்டமோ படிக்க வருபவருக்கு, எந்தப் பருவத்தில் எதைப் படிப்பது என்பது அவர் சேர்வதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பாடத்திட்டக் குழு கூடி, எளியதை முன்னும் கடினமானதைப் பின்னும் வைத்து அடுக்கியிருக்கும். பல துறைகளிலிருந்து பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் பொதுப் பட்டத்தில் அப்படி முழுமையான அடுக்கு கிடைப்பதில்லை. குழு செய்திருக்க வேண்டிய வேலையின் பெரும்பகுதி பதினெட்டு வயது மாணவர் தலையில் விழுகிறது.

இத்தகைய பட்டத்தில் மாணவருக்கு உண்மையில் எவ்வளவு சுதந்திரம் கிடைக்கிறது என்பதைப் பாடப்பட்டியலின் நீளத்தைக் காட்டிலும் பாடங்களின் வரிசையே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ஆகவே திட்டமிடலை இறுதியாண்டிலிருந்து பின்னோக்கிச் செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய தகவலைத் தருவது நிறுவனத்தின் கடமை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பொதுப் பட்டத்தையும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) பி.ஏ. பொதுப் பட்டத்தையும் ஒப்பிட்டு இதை நிறுவ முயல்கிறேன்.

2. ஹார்வர்டு விட்டுச்சென்ற பாடம்

விருப்பப்பாட முறையின் வரலாறு 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் வில்லியம் எலியட்டுடன் பிணைந்தது. கட்டாயப் பாடங்களை அவர் ஒவ்வொன்றாக நீக்கினார். 1897 வாக்கில் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி ஒன்றே எல்லோருக்கும் கட்டாயமாக எஞ்சியது. மாணவர் தம் நாட்டத்தைப் பின்பற்றினால் ஆழம் தானே வந்துவிடும் என்பது எலியட்டின் நம்பிக்கை. ஆனால் தொடக்கப் பாடங்களிலேயே நான்காண்டைக் கழித்துவிட்டுப் பலர் பட்டத்தோடு வெளியேறுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. அடுத்துத் தலைவரான லாரன்ஸ் லோவெல், ஒரு புலத்தில் செறிவு, பிற புலங்களில் பரவல் என்ற இரட்டை விதியை 1910ஐ ஒட்டிக் கொண்டுவந்தார். இன்றைய அமெரிக்கப் பட்டங்கள் பெரும்பாலானவற்றின் அடிப்படை அதுதான்.

எலியட்டின் சீர்திருத்தம் தடுமாறியதற்கு மாணவரின் சோம்பலை மட்டும் காரணம் சொல்வது எளிது. தொடக்கப் பாடத்தை யாரும் எப்போதும் எடுக்கலாம்; அடுத்த படிக்குரிய பாடத்துக்கு முன்னேற்பாடு வேண்டும். அந்த முன்னேற்பாட்டைத் திட்டமிடாதவர் பட்டியலில் நூறு பாடங்கள் இருந்தாலும் முதல் படியிலேயேதான் சுற்ற முடியும். குறை, அமைப்பிலேயே இருந்தது.

3. மிச்சிகன்: மூன்று ஆழங்கள்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இலக்கிய, அறிவியல், கலைக் கல்லூரி 1969இல் ஒரு பொதுப் பட்டத்தை ஏற்படுத்தியது. மொழிப்பாடக் கட்டாயத்தை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்த காலம் அது. இப்பட்டத்தில் அந்தக் கட்டாயமும் இல்லை. முதன்மைப் பாடம் என்று ஒன்றை அறிவிக்க வேண்டியதும் இல்லை. மொத்தம் 120 கிரெடிட். அவற்றில் குறைந்தது 60, எண் 300க்கும் அதற்கு மேலும் உள்ள பாடங்களில் பெற வேண்டும். இவற்றை ஆழ்நிலைப் பாடங்கள் என்போம். அந்த 60க்குள் எந்த ஒரு துறையிலிருந்தும் 20 கிரெடிட்டுக்கு மேல் கணக்கில் வராது.

இந்த இரு எண்களையும் சேர்த்துப் படித்தால் பட்டத்தின் உள்ளமைப்பு தெரியும். 60ஐ 20ஆல் வகுத்தால் மூன்று. அதாவது மாணவர் குறைந்தது மூன்று துறைகளில் ஆழ்நிலைக்குப் போயாக வேண்டும். ஒரே துறைக்குள் முடங்குவதை ஒரு விதி தடுக்கிறது. தொடக்கப் பாடங்களை மட்டும் மேய்ந்துவிட்டுப் போவதை மற்றது தடுக்கிறது. ‘எது வேண்டுமானாலும் படிக்கலாம்’ என்று பேசப்படும் பட்டம், வழக்கமான பட்டத்தைவிட அதிகமான துறைகளில் முன்னேற்பாட்டைக் கேட்கிறது.

நகரக் குடிநீரை மையமாக வைத்துப் பொருளியல், சுற்றுச்சூழல், வரலாறு என மூன்று துறைகளைப் பின்னிப் படிக்க ஒருவர் விரும்புவதாகக் கொள்வோம். தண்ணீர்க் கட்டணத்தை ஆராய அவருக்கு இடைநிலை நுண்பொருளியல் தேவை. அங்கே அது 401ஆம் எண் பாடம். அதற்குமுன் 101, 102 ஆகிய பொருளியல் அறிமுகப் பாடங்களையும், கணிதத் துறையின் முதல் நுண்கணிதமான 115ஐயும் முடித்திருக்க வேண்டும். 101 முடித்தால்தான் 102. ஆகவே 401ஐத் தொடுவதற்கு முன் இரண்டு பருவங்கள் போய்விடும். நுண்கணிதத்துக்குத் தயாராக இல்லாதவர் அதற்கும் முந்தைய 105ஐ எடுக்க, சங்கிலி இன்னும் நீளலாம். மூன்றாமாண்டின் தொடக்கத்தில் இந்த எண்ணம் தோன்றினால், 401 கைக்கு வரும்போது இறுதியாண்டு வந்துவிடும். 401ஐ முன்தேவையாகக் கேட்கும் பாடங்களுக்கு ஒரு பருவந்தான் மிஞ்சும். அந்தப் பருவத்தில் அவை நடத்தப்படாமலும் போகலாம்.

இதே மாணவர் முதலாண்டிலேயே 101ஐயும் நுண்கணிதத்தையும் எடுத்திருந்தால், பின்னர் குடிநீரை விட்டுப் பொதுச் சுகாதாரத்துக்கோ தரவு அறிவியலுக்கோ மாறினாலும் அவை வீணாகா. தொடக்கப் பாடத்தைத் தேர்வதற்கான அளவுகோல் இங்கே கிடைக்கிறது: அது எத்தனை ஆழ்நிலைப் பாடங்களுக்கு வாசலாக இருக்கிறது என்பதே முதல் கேள்வி. தனித்த சுவைக்காக ஒரு பாடத்தை எடுப்பதில் தவறில்லை. ஆனால் அத்தகைய பாடங்களை இறுதிப் பருவங்களுக்கு ஒத்திவைக்கலாம். வாசல் பாடங்களை ஒத்திவைக்க முடியாது.

4. இக்னோ: நேரத்தின் நெகிழ்வு

1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த இக்னோவின் நெகிழ்வு வேறு வகையானது. விருப்பத்தெரிவு முறையில் அமைந்திருந்த அதன் பி.ஏ. பொதுப் பட்டம் 132 கிரெடிட் கொண்டிருந்தது. இரண்டு துறைகளை மாணவர் தேர்ந்தார். ஒவ்வொன்றிலும் ஆறு கிரெடிட் வீதம் நான்கு மையப்பாடங்கள், இரண்டு சிறப்பு விருப்பப்பாடங்கள். ஆக இரு துறைகளுக்கும் 72 கிரெடிட். மொழிப்பாடங்களுக்கு 24, திறன் பாடங்களுக்கு 16, பிற துறைப் பொது விருப்பப்பாடங்களுக்கு 12, கட்டாயத் திறன்மேம்பாட்டுக்கு 8 என்று மீதி பிரிந்தது. மிச்சிகன் மாணவர் தாமே கட்ட வேண்டிய அடுக்கு இங்கே பெரும்பாலும் கட்டியே தரப்பட்டது.

மாணவர் திட்டமிட வேண்டியது நேரத்தை. ஒரு கிரெடிட் என்பது முப்பது மணி நேரப் படிப்பு என்று இக்னோ வரையறுக்கிறது. 132 கிரெடிட்டுக்கு 3,960 மணி. குறைந்தபட்சக் காலமான மூன்றாண்டில் முடிக்க வாரத்துக்குச் சுமார் 25 மணி நேரம் வேண்டும். அதிகபட்சமான ஆறாண்டுக்குப் பரப்பினால் சுமார் 13 மணி. பகலில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவருக்கு இந்த வேறுபாடுதான் பட்டம் கைகூடுவதையும் கூடாததையும் முடிவு செய்யும். ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடு, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும் பருவத் தேர்வுக்கு 70 விழுக்காடு என்ற மதிப்பீட்டு முறையும் நாட்காட்டியோடு கட்டப்பட்டது. எத்தனை தாள்களை எந்தத் தேர்வுக்கு வைப்பது என்பதே இம்மாணவரின் பாடத்திட்டம்.

ஆனால் வரிசைச் சிக்கல் இங்கும் ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. பொது விருப்பப்பாடங்கள் ஐந்தாம், ஆறாம் பருவங்களில் வைக்கப்பட்டன. இரு துறைகளுக்கு அப்பாலுள்ள ஒன்றை மாணவர் முதன்முதலாகச் சுவைப்பது கடைசி ஆண்டில். அது பிடித்துப்போனாலும் தொடர்வதற்குப் பருவம் இல்லை. முதலாண்டில் வைத்திருந்தால் அதே 12 கிரெடிட் துறைத்தெரிவையே செம்மைப்படுத்தியிருக்கும்.

5. இரு மறுப்புகள்

முன்கூட்டித் திட்டமிட்டால் தேடலுக்கு இடமில்லாமல் போகும் என்பது முதல் மறுப்பு. பின்னோக்கிய திட்டம் ஒரே முடிவில் மாணவரைக் கட்டிப்போடுவதில்லை. இரண்டு மூன்று சாத்தியமான முடிவுகளை எழுதி, அவற்றுக்குப் பொதுவான வாசல் பாடங்களை முதலில் முடிப்பதுதான் அதன் முறை. மனம் மாறுவதற்கான உரிமையை அது காக்கிறது. திட்டமில்லாத தேடலில் மூன்றாமாண்டு மனமாற்றத்துக்கு விலை ஓராண்டு.

இரண்டாவது மறுப்பு நம் சூழலுக்கு நெருக்கமானது. அரசுப் பணித் தேர்வுகள் பலவற்றுக்கு ‘ஏதேனும் ஒரு பட்டம்’ போதும். பிறகு பாடத்தேர்வைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி இரண்டு போன்ற தேர்வுகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி. ஆசிரியப் பணிக்கும் முதுகலைச் சேர்க்கைக்கும் இது பொருந்தாது. அங்கே பட்டத்தின் பெயருக்குப் பின்னால் எந்தப் பாடம், எவ்வளவு என்று பார்ப்பார்கள். பொதுப் பட்டம் பெற்றவர் இந்தக் கேள்வியைச் சந்திப்பது பெரும்பாலும் விண்ணப்பம் போடும் நாளில். விடையோ முதலாண்டிலேயே எழுதப்பட்டிருக்கும்.

6. நிறுவனத்தின் பங்கு

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம் பாடங்களுக்கு 100 முதல் 499 வரை படிநிலை எண்களைப் பரிந்துரைத்தது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120, நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வகுத்தது. எண் இடுவது நல்ல தொடக்கம். எந்த 100 எந்த 300க்கு வழிவிடும் என்ற சங்கிலிப் படத்தையும், ஆழ்நிலைப் பாடங்கள் எந்தெந்த ஆண்டில் நடத்தப்படும் என்ற முன்னறிவிப்பையும் துறைகள் வெளியிடாவிட்டால், அந்த எண்களால் மாணவருக்குப் பயன் குறைவு. இரண்டாமாண்டு முடிவில் ஒவ்வொரு பொதுப் பட்ட மாணவரும் இரண்டு பக்கத் திட்டம் ஒன்றை எழுத வேண்டும். அதை வெவ்வேறு துறையைச் சேர்ந்த இரு ஆசிரியர்கள் படித்துக் கருத்துரைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆசிரியரின் பணிநேரத்தில் இடம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அது இன்னொரு கையெழுத்துச் சடங்காகிவிடும்.

இவை இல்லாத இடத்தில் திட்டம் போடத் தெரிந்தவர் யார் என்று பார்த்தால் சமூகக் கேள்வி முன்வருகிறது. பெற்றோரோ உறவினரோ பல்கலைக்கழகம் போன வீட்டில் எந்தப் பாடத்தை முதலில் முடிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அச்சிட்ட பட்டியல்தான் உண்டு. கட்டாயப் பாடங்களை நீக்குவது இருவருக்கும் ஒரே சுதந்திரத்தைத் தருவதில்லை. பாடவரிசையை வெளிப்படையாக்கினால்தான் அந்த இடைவெளி குறையும். பொதுப் பட்டத்தைத் தொடங்க விரும்பும் பல்கலைக்கழகம், விருப்பப்பாடங்களின் எண்ணிக்கையை விளம்பரப்படுத்துவதற்கு முன் சங்கிலிப் படத்தை வெளியிடட்டும்.