மீன் காதுக்குள்ள ஒரு அணுகுண்டு

2000-ல அலாஸ்கா கடல்ல 100 வயசு மீன் ஒண்ணு தூண்டில்ல சிக்குதுன்னு வைங்க. ரைட் சகோதரர்கள் பறக்குறதுக்கு முன்னாடியே பிறந்த மீன் அது. கதை மாதிரி இருக்கும். ஆனா வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் யெல்லோ-ஐ ராக்ஃபிஷ்ஷுக்கு இது சாத்தியமான வயசுதான். அந்த வயசை மனுஷங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க, கண்டுபிடிச்ச பிறகும் எப்படிக் கோட்டை விட்டாங்கங்கறதுதான் இன்னிக்கு எபிசோட்.

முதல்ல ஆளைப் பார்த்துடலாம். ஆரஞ்சு கலந்த சிவப்பு உடம்பு, பளிச்சுனு மஞ்சள் கண்ணு. மூணு அடி வரைக்கும் வளரும். பாறை இடுக்குதான் வீடு. ஒரு இடம் பிடிச்சுட்டா பெரும்பாலும் அதை விட்டு நகராது. முட்டையைத் தண்ணியில விடற பழக்கம் இல்லை. வயித்துக்குள்ளயே பொரிஞ்சு, லட்சக்கணக்கான குஞ்சுகள் உயிரோட வெளிய வரும். ஆனா அந்தப் பருவத்துக்கு வரவே 15, 20 வருஷம் ஆகும். பல வருஷங்கள்ல குஞ்சுகள் அனேகமா எல்லாமே அழிஞ்சுடும். கடல் ஒத்துழைக்கிற வருஷம் எப்போன்னு தெரியாது, அதனால நிறைய வருஷம் வாழ்ந்து நிறைய தடவை முயற்சி பண்ணணும்.

வயசு எப்படித் தெரியும்? மீனோட காதுக்குள்ள சின்னதா ஒரு கல் இருக்கும். கத்தாழை மீன் தலையை ரசிச்சுச் சாப்பிடறவங்க அதைப் பார்த்திருப்பாங்க. மரத்துல மாதிரியே அதுலயும் வருஷத்துக்கு ஒரு வளையம். ரொம்ப நாள் கல்லின் மேற்பரப்பை மட்டும் பார்த்துத்தான் எண்ணினாங்க. வயசான மீனுக்கு அந்தக் கல் அகலத்துல வளராது, தடிமன்லதான் வளரும். மேல இருந்து பார்த்தா பிந்தைய வளையங்கள் தெரியாது. 1970-களின் கடைசியில் கனடாவின் நனைமோ ஆய்வு நிலையத்துல கல்லை ரெண்டா உடைச்சு, லேசாச் சுட்டு, வெட்டு முகத்தைப் பார்த்தாங்க. பல ராக்ஃபிஷ் வகைகளோட வயசு இரட்டிப்பாச்சு, சிலதுக்கு அதுக்கும் மேல.

சரி, ஒரு வளையம்னா ஒரு வருஷம்தான்னு என்ன உத்தரவாதம்? அதுக்கு சாட்சி அணுகுண்டு. 1950-கள்லயும் 60-கள் தொடக்கத்துலயும் வல்லரசுகள் வானத்துல வெடிச்ச சோதனைக் குண்டுகளால காத்துல கார்பன்-14 எகிறிச்சு. அது கடல்ல இறங்கி, அப்போ பிறந்த மீன்களோட காதுக் கல்லின் மையத்துல பதிஞ்சுது. தென்கிழக்கு அலாஸ்கா யெல்லோ-ஐ மீன்களை வெச்சு 2004-ல வந்த ஆய்வுல, வளையம் எண்ணிச் சொன்ன பிறந்த வருஷமும் கார்பன் ஏற்றமும் பொருந்திச்சு. பனிப்போர் ஒரு மீனுக்கு பர்த் சர்ட்டிஃபிகேட் கொடுத்த மாதிரி!

எனக்கு நெருடுற இடம் வேற. இந்த மீன்கள் கிழடுன்னு 1980-கள்லயே தெரிஞ்சாச்சு. ஆனா அமெரிக்க மேற்குக் கரையில, சீக்கிரம் பெருகுற மீன்களுக்குப் பொருந்துற பிடிப்பு விகிதமே ராக்ஃபிஷ்ஷுக்கும் ஓடிட்டு இருந்தது. எங்க வேலையிலயும் இப்படி நடக்கும்: யாரோ என்னிக்கோ போட்ட டிஃபால்ட் வேல்யூ, ப்ரொடக்‌ஷன் விழுற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. இங்க விழுந்தது 2000 ஜனவரியில. அந்தக் கரையோர அடிமட்ட மீன்பிடியையே பேரிடர்னு மத்திய அரசு அறிவிச்சுது. 2002-ல யெல்லோ-ஐயும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன்கள் பட்டியல்ல சேர்ந்தது. பெரிய பெரிய கடல் பகுதிகளை மூடினாங்க. வருமானம் போன படகுக்காரங்களுக்கு இது எவ்வளவு பெரிய அடின்னு சொல்லவே வேண்டாம்.

2004-ல இன்னொரு அதிர்ச்சி. ஸ்டீவன் பெர்க்லி குழு, சொந்தக்கார இனமான கருப்பு ராக்ஃபிஷ்ல பார்த்தப்போ, வயசான தாயோட குஞ்சுகள் இளந்தாயோட குஞ்சுகளை விட மூணு மடங்குக்கும் மேல வேகமா வளர்ந்துது. பட்டினியை ரெண்டு மடங்குக்கும் மேல தாங்குச்சு. பெரிய மீனா பார்த்துப் பிடிக்கிறவங்க யாரைத் தூக்கிட்டு இருந்தாங்கன்னு அப்போதான் புரிஞ்சுது.

"தெரியாமப் பிடிச்சா திருப்பி விட்டுடலாமே?" அதுவும் சுலபமில்லை. ஆழத்துல இருந்து இழுத்தா உள்ள இருக்கிற காற்றுப்பை உப்பி, கண்ணு பிதுங்கி, மீன் மேலயே மிதக்கும். அதனால எடை கட்டின கிளிப்புல மாட்டி, மறுபடி ஆழத்துக்கே இறக்கி விடறாங்க. அழுத்தம் திரும்பினா நிறைய மீன் பிழைக்குது. ஒரிகான்ல 2017-லிருந்து இந்தக் கருவி படகுல இருந்தே ஆகணும்.

அதே பட்டியல்ல இருந்த கேனரி ராக்ஃபிஷ் 2015-ல தேறிச்சு, பொக்காசியோ 2017-ல, கவுகாட் 2019-ல. அப்போ யெல்லோ-ஐ மட்டும் பட்டியல்லயே நின்னுது. 2002-ல பிறந்த குஞ்சு அப்போதான் குட்டி போடற வயசுக்கு வந்திருக்கும்.