மெரான் தொடக்கத்தில் தேர்வு: ரூபின்ஸ்டைன் முதல் ஆனந்த் வரை

1924 இல் இத்தாலியின் மெரான் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் அகிபா ரூபின்ஸ்டைன், கறுப்புக் காய்களுடன் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டை வென்றார். அரை ஸ்லாவ் தற்காப்பில் சி4 சிப்பாயை வெட்டி, அங்கு வந்து நிற்கும் வெள்ளை மந்திரியை பி5 சிப்பாயால் விரட்டும் முறைக்கு அந்நகரின் பெயரே நிலைத்தது. நடுப்பலகையைச் சிறிது நேரம் வெள்ளைக்கு விட்டுக்கொடுத்து, ராணிப் பக்கத்தில் வேகம் பெறுவதே கறுப்பின் கணக்கு.

வெள்ளை அதற்கு இரண்டு கூரான பதில்களைக் கண்டது. 10ஆம் நகர்த்தலில் சிப்பாயை டி5க்குத் தள்ளுவது ரெனால்ட்ஸ் வழி. ஈ5க்குத் தள்ளி, அடுத்து குதிரையால் பி5 சிப்பாயை வெட்டுவது புளூமென்ஃபெல்ட் வழி. இரண்டாவதில் கறுப்புக்கு மூன்று கிளைகள் உண்டு: ஏ சிப்பாயால் குதிரையை வெட்டலாம், குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டலாம் (சோசின்), குதிரையை ஜி4க்கு அனுப்பலாம் (ரபினோவிச்). கடைசிக் கிளையில் 1935 மொஸ்கோ போட்டியில் லெவென்ஃபிஷை கபப்ளாங்கா 25 நகர்த்தல்களில் வீழ்த்தினார். இப்படிப்பட்ட தோல்விகளே அன்று கிளைகளின் மதிப்பைத் தீர்மானித்தன.

2008 ஒக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் விசுவநாதன் ஆனந்த், விளாதிமிர் கிராம்னிக்கை எதிர்த்து உலகப் பட்டத்தைக் காத்தபோது இந்த நிலை தலைகீழானது. நீல்சன், காசிம்ஜானோவ், வொய்டாஷெக், கங்குலி ஆகியோர் கொண்ட குழுவுடன் அவர் ஆயத்தமாகியிருந்தார். 17ஆம் திகதி நடந்த மூன்றாம் ஆட்டத்தில் புளூமென்ஃபெல்ட் வழி வந்தது. 14ஆம் நகர்த்தலில் ஆனந்த் மந்திரியை பி7இல் வைத்து, பி5 சிப்பாயைப் பறிகொடுத்தார். கைமாறாக ஜி2 நோக்கிய நீண்ட மூலைவிட்டமும் திறந்த ஜி நிரலும் கிடைத்தன. அடுத்து மந்திரி டி6க்கும், பின்பு யானை ஜி8க்கும் வந்தன. 41ஆம் நகர்த்தலில் கிராம்னிக் பணிந்தார்.

20ஆம் திகதி, ஐந்தாம் ஆட்டத்தில் மீண்டும் அதே நிலை. இம்முறை யானை முதலில் ஜி8க்குச் சென்றது. மந்திரி அடுத்த நகர்த்தலில்தான் டி6க்கு வந்தது. காய்கள் அவையே, வரிசை மட்டும் மாறியது. ஆனால் ஜி2க்கு மிரட்டல் ஒரு நகர்த்தல் முன்னரே விழுந்துவிட்டதால், கிராம்னிக் தம் மந்திரியை எஃப்4 வழியாக ஜி3க்குக் கொண்டுவந்து அரசனை மறைத்தார். அதுவே எஃப் சிப்பாய் முன்னேறித் தாக்கும் இலக்கானது. இடைப்பட்ட நாட்களில் முதல் வரிசைக்கு மாற்று தேடியிருக்கக்கூடிய எதிராளியிடம் இரண்டாவது வரிசையை நீட்டியது, பலகையில் தோன்றிய எண்ணமல்ல, வீட்டிலேயே எடுத்த முடிவு என்றே நான் கருதுகிறேன். 29ஆம் நகர்த்தலில் கிராம்னிக் டி4 சிப்பாயை வெட்டித் தவறினார். 34இல் ஆனந்தின் குதிரை ஈ3இல் தன்னைப் பலியிட்டது. அடுத்த நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பாடசாலைகளில் சதுரங்கம் பழக்குவோர் இவ்விரு ஆட்டங்களையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும் என விரும்புகிறேன். ஒரு பலகையும் நகர்த்தல் குறிப்பும் போதும், கணினி வேண்டாம்.

பானில் ஆனந்த் 6½–4½ என வென்றார். 2013 விக் ஆன் ஸீ போட்டியில், மெரானின் வேறொரு கிளையில், லெவோன் அரோனியனை அவர் கறுப்புடன் 23 நகர்த்தல்களில் தோற்கடித்தார். அந்தப் பலியாட்டம், 1907 இல் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தோடு இன்றும் ஒப்பிடப்படுகிறது.