ஜன்னி என்று எழுதப்பட்ட சாவுகள்

எங்கள் சேரிகளில் செத்துப்போன பெண்களுக்குச் சான்றிதழ் கிடையாது. ஒரு சொல்தான் உண்டு: 'ஜன்னி கண்டு போயிட்டா.' பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சல், நடுக்கம், பிதற்றல், பிறகு பாடை. பழி பேய்மேல் விழும், அல்லது தொப்புள்கொடி அறுத்தவள் கைமேல் விழும்.

அந்தக் கை என் ஆயாவுடையது. ஊர்த்தெருவிலும் பிள்ளை எடுத்தவள் அவள். பின்வாசல் வழியாகத்தான் விடுவார்கள். வேலை முடிந்ததும் அவள் தொட்ட இடத்தில் சாணி போட்டு மெழுகுவார்கள். ரணஜன்னிக் கிருமி சாணியில் உண்டு. அது யாருக்கும் தீட்டாகப் படவில்லை.

இதே ஜன்னி ஐரோப்பாவிலும் கொன்றது. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். 1846இல் டாக்டர்கள் பார்த்த பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் 3 பேருக்கும் குறைவு. பிணம் அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்த்ததே காரணம் என்று செம்மல்வைஸ் 1847இல் கண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார், சாவு குறைந்தது. ஆனாலும் 'கனவான்களின் கை அழுக்கா?' என்று மேலோர் பலர் ஏற்க மறுத்தார்கள். 1865இல் அவரே புண் சீழ்பிடித்து இறந்தார்.

இதற்கு இன்று மருத்துவம் வைத்த பெயர் செப்சிஸ். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, கட்டுமீறித் தன் உறுப்புகளையே சிதைப்பது. 2017இல் மட்டும் உலகில் சுமார் 1.1 கோடி சாவுகள் இதனோடு தொடர்புடையவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நெய்வேலியில் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 2020 ஜூலை 1இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. அன்றே 6 பேர் செத்தார்கள், பிறகும் சாவு தொடர்ந்தது. தோல்தான் உடம்புக்கு வேலி. அது வெந்தால் கிருமிக்கு வழி திறந்துவிடும். தீக்காயத்தில் முதல் நாட்களைத் தாண்டியவர்களைப் பெரிதும் கொல்வது இதுதான்.

பெரிய விபத்துதான் வேண்டும் என்பதில்லை. கூலிவேலைக்குப் போன என் சித்தப்பா மகனுக்குத் தகரம் கிழித்த புண். லீவு போட்டால் கூலி இல்லை. ஆறாம் நாள் மூச்சு வாங்கியது, உளறினான். 'குடிச்சிருக்கான், காலையில கூட்டிட்டு வாங்க' என்று ஓர் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். விடியுமுன் முடிந்துவிட்டான். சேரிக்காரன் உளறினால் அவர்களுக்கு அது சாராயம்தான்.

ஆகவே தெரிந்துகொள்வோம். புண்ணோ பிரசவமோ காய்ச்சலோ, அதோடு வேகமூச்சு, புத்தித் தடுமாற்றம், மூத்திரம் குறைவது, கைகால் சில்லிட்டு நிறம் மாறுவது, ரத்த அழுத்தம் இறங்குவது என்றால் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லாமலும் வரும். ரத்தப் பரிசோதனை, நரம்பு வழி ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் சலைன், ஆக்சிஜன்: முற்றிய நிலையில் இவை ஒரு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 'செப்சிஸான்னு பாருங்க டாக்டர்' என்று வாய்விட்டுக் கேட்போம். கேட்பது கெஞ்சல் அல்ல, உரிமை.