மன்றத்திலும் மக்களவையிலும் ஒரே குரல்

தஞ்சோங் மாலிமில் ஆசிரியப் பயிற்சி பெறுவோர் யாவரும் ரஹ்மான் தாலிப் என்னும் பெயரை அறிவர். 1960ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை அவர் பெயரால் வழங்குவது. அடுத்த ஆண்டின் கல்விச் சட்டத்திற்கு அடிப்படையானதும் அதுவே. தாய்மொழித் தொடக்கப்பள்ளியைத் தக்க காலத்தில் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கிய 21(2)ஆம் பிரிவு அச்சட்டத்தில் இருந்தது. தமிழாசிரியர்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக அப்பிரிவை எண்ணி அஞ்சினர். ஆனால் அந்த அமைச்சர் பதவி விலக நேர்ந்ததற்கு ஈப்போத் தமிழர் ஒருவரின் நா காரணமாயிற்று என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

அவர் டி. ஆர். சீனிவாசகம். 1921இல் பிறந்தவர், வழக்கறிஞர். தமையனார் எஸ். பி. சீனிவாசகமும் வழக்கறிஞரே. இருவரும் 1953இல் பேராக் முற்போக்குக் கட்சியைத் தோற்றுவித்தனர். பின்னர் அது மக்கள் முற்போக்குக் கட்சி எனப் பெயர் மாறிற்று. அவசரகாலத்தில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட கிந்தாப் பள்ளத்தாக்கின் புதுக்கிராமத்துச் சீனர்களே அக்கட்சியின் பெருவலிமை. இங்கு சற்று நின்று எண்ண வேண்டும். தம் இனத்தார் வாக்கால் வெல்ல இயலாத தொகுதியில் ஒரு தமிழர் மீண்டும் மீண்டும் வென்றார். இனக்கணக்கு ஒன்றே அரசியல் என்பார்க்கு இஃது எளிதில் விளங்காது. குடியுரிமை, பன்மொழி உரிமை ஆகிய இரண்டையும் அவர் விடாது பேசினார். தமிழும் சீனமும் ஆட்சிமொழித் தகுதி பெற வேண்டும் என்றார்.

விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த இடைத்தேர்தலில் வென்று அவர் கூட்டரசுச் சட்டமன்றம் புகுந்தார். 1959இல் அவர் கட்சி நாடாளுமன்றத்தில் நான்கு இடங்களைப் பெற்றது. 1964இல் இரண்டாகக் குறைந்தபோதும் ஈப்போவும் மெங்லெம்புவும் உடன்பிறந்தார் இருவரிடமே நின்றன. இதனினும் நான் பெரிதாகக் கருதுவது ஈப்போ நகர மன்றத்தையே. 1950களின் இறுதியில் அக்கட்சி அம்மன்றத்தைக் கைப்பற்றியது. கூட்டணி ஆண்ட நாட்டில், எதிர்க்கட்சி ஆண்ட நகரம் அது. வடிகால், தெருவிளக்கு, குப்பை, கடை உரிமம் என்று பேசுதல் மேடை முழக்கத்தினும் கடினமானது. மறுநாள் காலையிலேயே மக்கள் அதைச் சரிபார்ப்பர்.

1964இல், அன்று கல்வியமைச்சராயிருந்த ரஹ்மான் தாலிப் மீது அவர் மக்களவையில் ஊழல் குற்றம் சாட்டினார். அவையில் சொன்ன சொல்லுக்கு வழக்கில்லை. உறுப்பினர்க்கு அந்தக் காப்பு உண்டு. துணிவிருந்தால் வெளியே வந்து சொல்லட்டும் என்றார் அமைச்சர். சீனிவாசகம் வெளியே வந்து சொன்னார். அமைச்சர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். தாம் சொன்னது உண்மையே என்று சீனிவாசகம் எதிர்வாதிட்டார். 1965இல் அமைச்சர் வழக்கில் தோற்றார்; பதவியும் நீங்கினார். மேல்முறையீடும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. தோற்றிருந்தால் சீனிவாசகத்தின் பொருளும் பெயரும் ஒருங்கே போயிருக்கும். வழக்கறிஞராகிய அவர் இதை அறியாதவர் அல்லர்.

அதே 1965இல், இந்தோனேசிய எதிர்ப்புக் காலத்தைக் காரணங்காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இதனை ஆராய அமைந்த அரச ஆணையத்தின் தலைவரும் ஒரு தமிழரே: செனட்டர் ஆதி. நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவ்வாணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அத்தேர்தல்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. எதிரணியில் நின்ற சீனிவாசகமும் ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த நாகப்பனும் இவ்வொன்றில் ஒரே பக்கம் நின்றமை நம் வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை.

1969 மார்ச்சில் டி. ஆர். மறைந்தார். இரண்டே திங்களில் நடந்த தேர்தலில் அவர் கட்சி பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 12ஐ வென்றது. கூட்டணி 19 பெற்றுப் பெரும்பான்மையை இழந்தது. அந்த வெற்றியை அவர் காணவில்லை. தமையனார் தலைமையில் கட்சி 1970களின் தொடக்கத்தில் ஆளுங்கூட்டணியோடு கைகோத்தது. 1974இல் மெங்லெம்பு மக்கள் எஸ். பி.யையே தோற்கடித்தனர். அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார்.

இங்கிருந்து பழைய நெடுஞ்சாலையில் சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் வழியே ஈப்போ செல்லும் மாணவர், அந்நகரில் டி. ஆர். பெயர் தாங்கிய பூங்காவைக் காணலாம். முன்னாளில் அது முடிசூட்டுப் பூங்கா எனப்பட்டது.